பெங்களூரில் வீட்டுக்காரரிடம் நேரில் விலை பேசுவது: முதலீட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வீடுகளை வாங்கி, பழுதுபார்த்து, விற்பதையோ வாடகைக்கு விடுவதையோ தொழிலாகச் செய்யும் தமிழர்கள் பெங்களூரில் கணிசமாக இருக்கிறார்கள். அல்சூர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், விவேக்நகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழ் புழங்கும் பகுதிகளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். பத்திரம் பார்க்கவும் மேஸ்திரியிடம் மதிப்பீடு வாங்கவும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, "இந்த வீட்டுக்கு நான் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் சொல்லும் விலை எப்படி வந்தது என்று வீட்டுக்காரர் தன் பிள்ளைகளிடம் விளக்க முடிய வேண்டும். அப்படி விளக்க முடியாத விலையைச் சொல்லக்கூடாது.

வீட்டுக்காரரைப் பார்க்கப் போகும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாமலே பாதி வேலையை முடித்துவிடலாம். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி 2.0 இணையதளத்தில் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அந்தச் சொத்தின் மீது பதிவுகள் இருந்தால் படிவம் 15 வரும். எதுவும் இல்லையென்றால் படிவம் 16. அந்தத் தெருவுக்கான வழிகாட்டி மதிப்பையும், அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவுக்குப் போட்ட மதிப்பு இந்தத் தெருவுக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

பிறகு சைட்டின், அதாவது மனையின் பிறப்பைக் கேட்டறியுங்கள். பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) ஒதுக்கிய மனையா, தனியார் லேஅவுட்டா, பழைய கிராம நத்தமா, பண்ணை நிலத்தைத் துண்டுபோட்டு விற்ற வருவாய் மனையா என்பதைப் பொறுத்து விலையே மாறிவிடும். பி.டி.ஏ. மனை என்றால் முதலில் குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தம்தான் கொடுத்திருப்பார்கள். குறிப்பிட்ட காலம் முடிந்த பிறகே முழுக் கிரயப் பத்திரம். அந்த இரண்டாவது பத்திரம் வாங்கப்பட்டதா என்று பாருங்கள். நகரின் ஓரத்தில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலமாக இருந்தால், கர்நாடகத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. அங்கே விலை பேசவே உட்காராதீர்கள்.

2024 அக்டோபரிலிருந்து பத்திரப் பதிவுக்கு இ-கட்டா, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு, கட்டாயம். வயதான வீட்டுக்காரர்கள் பலர் இன்னும் அதை எடுக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்காமல், எடுத்துக்கொடுக்க உதவுங்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பழைய வரி ரசீதுகளில் பி.பி.எம்.பி. என்று அந்தப் பழைய மாநகராட்சியின் பெயர் இருப்பதைப் பார்த்து அவர்களும் பயப்பட வேண்டாம், நீங்களும் பயப்பட வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே விலை சொல்லலாமா?

கூடாது. வீட்டைச் சுற்றிப் பார்த்த பத்து நிமிடத்தில் சொல்லப்படும் விலை மரியாதைக் குறைவாகவே கேட்கும், தொகை நல்லதாக இருந்தாலும்.

முதல் சந்திப்பில் கேளுங்கள். ஏன் விற்கிறார்கள்? மகளின் திருமணமா, மருத்துவச் செலவா, ஓசூருக்கோ சேலத்துக்கோ திரும்பிப் போகிறார்களா, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிப்பதா? எப்போது பணம் தேவை, வீட்டைக் காலி செய்ய எவ்வளவு காலம் வேண்டும்? பல குடும்பங்களுக்கு இரண்டு லட்ச ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதைவிட, பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை அதே வீட்டில் இருக்க முடிவதுதான் பெரிது. அதை அறியாமல் சொல்லும் விலை குருட்டு விலை.

அவர்கள் மொழியில் பேசுங்கள். கன்னடக் குடும்பம் என்றால் தடுமாறினாலும் கன்னடத்தில் தொடங்குங்கள். தமிழ்க் குடும்பம் என்றால் ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். ஊர் எது என்ற விசாரிப்பு வரும், வரட்டும். "நாமெல்லாம் ஒரே ஊர்க்காரர்கள்" என்பதை மட்டும் விலையைக் குறைக்கும் கருவியாக்காதீர்கள்.

வீட்டில் யாரிடம் பேசி முடிக்க வேண்டும்?

வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும் பேசிவிட்டு வருவதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. கையெழுத்துப் போட உரிமையுள்ள எல்லோரும் அறிய வேண்டும்.

பெற்றோர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் வாரிசுகளின் பட்டியல் தேவை. கர்நாடகத்தில் இதற்கு வம்சவிருட்சம் என்ற குடும்பமரச் சான்றைக் கேட்பார்கள். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்து கர்நாடகம் 1994இலேயே சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுமைக்கும் 2005இல் திருத்தம் வந்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. ஆகவே, "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே சீர் செய்தாகிவிட்டது, அவள் கேட்க மாட்டாள்" என்று அண்ணன் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை மட்டுமே. தங்கையிடம் நேரில் பேசுங்கள், அவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வாரிசுகளில் சிறுவர்கள் இருந்தால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அதற்கான மாதங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமைச் சட்டமே வேறு என்பதால் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் அனுமானிக்க வேண்டாம்.

பெண்களைப் பற்றி இன்னொன்று. கூடத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, சமையலறை வாசலில் நின்று கேட்கும் அம்மாதான் பல வீடுகளில் முடிவெடுப்பவர். அவரையும் உட்காரச் சொல்லி, அவரிடமும் ஒரு பிரதியைக் கொடுங்கள்.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் ஒரு பழைய வீடு. பழுதுபார்த்தபின் 1 கோடியே 80 லட்சத்துக்கு விற்கலாம் என்று அந்தத் தெருவில் அண்மையில் பதிவான விற்பனைகளை வைத்து முடிவு செய்கிறீர்கள். பழுதுபார்க்க 14 லட்சம். விற்கும்போது தரகு ஒரு சதவீதம், 1 லட்சத்து 80 ஆயிரம். எட்டு மாதத்துக்கு வட்டி, வரி, மின்சாரம், காவல் எல்லாம் சேர்த்து 8 லட்சம். உங்கள் லாபம் 15 லட்சம். இவற்றைக் கழித்தால் 1 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் மிஞ்சும்.

இது வீட்டுக்காரருக்குப் போகும் தொகை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பதிவுச் செலவு இதற்குள்தான் அடங்க வேண்டும். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அதன் மேல் செஸ்ஸும் சர்சார்ஜும் சேர்ந்து நகரப் பகுதியில் 5.6 ஆகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 ஆக உயர்ந்துவிட்டது. ஆக மொத்தம் 7.6 சதவீதம். 1 கோடியே 31 லட்சத்துக்கு வாங்கினால் பதிவுக்கே ஏறத்தாழ 10 லட்சம். எனவே சொல்லக்கூடிய விலை 1 கோடியே 31 லட்சம், அதற்கு மேல் போனால் அது உங்கள் லாபத்திலிருந்து போகிறது.

இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடமே காட்டலாமா? லாபத்தையுமா?

லாபத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். என்னோடு தொழில் செய்யும் பலர் இதை ஏற்பதில்லை. "15 லட்சம் சம்பாதிக்கிறாயா என்று கேட்டு எழுந்து போய்விடுவார்கள்" என்கிறார்கள். என் அனுபவம் வேறு. லாபம் இருக்கும் என்பது வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். எவ்வளவு என்று தெரியாதபோது 50 லட்சம் இருக்கும் என்று அவர் கற்பனை செய்துகொள்கிறார். எட்டு மாத உழைப்புக்கும், விற்காமல் போகும் அபாயத்துக்கும் 15 லட்சம் என்று எழுதிக் காட்டும்போது பேச்சு நிதானமாகிறது.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: வீட்டுக்காரர் கணக்கைத் திருத்துவார். லிங்கராஜபுரத்தில் எச்.ஏ.எல்.லில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீடு. பழுதுக்கணக்கில், மொட்டை மாடியில் நீர்க்கசிவு தடுக்க 1 லட்சத்து 20 ஆயிரம் என்று எழுதியிருந்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். உள்ளே போய், மருந்துச் சீட்டுகளும் கேஸ் ரசீதுகளும் அடுக்கிய தகரப் பெட்டியைத் தூக்கி வந்து, இரண்டு ஆண்டுக்கு முன் அதே வேலையைச் செய்ததற்கான பில்லை எடுத்து என் தாளின் மேல் வைத்தார். மாடிக்கு ஏறிப் பார்த்தோம், வேலை சரியாகவே இருந்தது. அந்தத் தொகையை அங்கேயே அடித்துவிட்டு விலையை உயர்த்தினேன். அப்போது அவர் மனைவி, "பின்பக்கம் கழிவுநீர்க் குழாய் பழசு, அதை நீங்கள் எழுதவே இல்லையே" என்றார். தங்களுக்குப் பாதகமான செலவை அவரே சேர்த்துக் கொடுத்தார். தொகையை மட்டும் சொல்லியிருந்தால் இந்த இரண்டுமே நடந்திருக்காது. நாங்கள் மூவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்தது.

"பக்கத்து வீடு இரண்டு கோடிக்குப் போனதே" என்று சொன்னால்?

மறுத்துப் பேசாதீர்கள், சேர்ந்து பாருங்கள். அது மூலை மனையா, நாற்பதடிச் சாலையா, அனுமதிகள் சரியாக உள்ள சொத்துக்குத் தரும் ஏ கட்டாவா? அனுமதிக் குறையுள்ள பி கட்டா சொத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வாங்குபவர்கள் குறைவு என்பதால் விலையும் குறையும். அப்படிப்பட்ட வித்தியாசம் எதுவும் இல்லாமல் உண்மையிலேயே இரண்டு கோடிக்குப் போயிருந்தால், உங்கள் கணக்கின் முதல் வரி தவறு என்று பொருள். திருத்துங்கள்.

எழுதிக் கொடுக்கும் ஆஃபரில் என்ன இருக்க வேண்டும்?

ஒரே பக்கம், வீட்டுக்காரர் படிக்கும் மொழியில். மொத்த விலை, முன்பணம், மீதி எந்தத் தேதிக்குள், பதிவுச் செலவு யாருடையது, வீட்டைக் காலி செய்யும் நாள், நிலுவை வரி, தண்ணீர் மற்றும் மின்சாரக் கட்டணங்களை யார் கட்டுவது, பத்திரத்தில் குறை இருந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும், இந்த விலை எந்தத் தேதிவரை செல்லும். பணம் எங்கிருந்து வருகிறது என்றும் எழுதுங்கள். சொந்தப் பணமா, வங்கிக் கடனா, கூட்டாளியின் பணமா என்று வீட்டுக்காரர் தெரிந்துகொள்வது நியாயம். மிக முக்கியமாக, இது கிரய ஒப்பந்தம் இல்லை, யாரையும் கட்டுப்படுத்தாது, தங்கள் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்ற வரி வேண்டும்.

செல்லுபடிக் காலம் குறைந்தது பத்து நாளாவது இருக்கட்டும். "இன்று மாலைக்குள் சொல்லுங்கள்" என்பவரை நான் இந்தத் தொழிலில் மதிப்பதில்லை. நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டைப் பற்றி ஒரு மாலைக்குள் முடிவெடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

மேல்மாடியில் லீஸுக்கு ஆள் இருக்கிறார். விலையில் இதை எப்படிச் சேர்ப்பது?

பெங்களூரில் இது அன்றாடம் வரும் சிக்கல். லீஸ் என்று நாம் சொல்லும் போக்கியத்தில், குடியிருப்பவர் பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார். காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார்.

லீஸ் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தொகையையும் முடியும் தேதியையும் ஆஃபரிலேயே எழுதுங்கள். பதிவு நாளன்று அந்தத் தொகை லீஸ்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும், மீதி வீட்டுக்காரருக்கு என்று பிரித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரரின் அனுமதியோடு மேல்மாடிக்குச் சென்று அந்தக் குடும்பத்திடமும் சொல்லுங்கள். வீடு கைமாறப்போகிறது என்ற வதந்தி முதலில் போய்ச் சேர்ந்தால், தங்கள் பணம் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் காலி செய்யவே மறுப்பார்கள்.

பாதியை ரொக்கமாகக் கொடுத்து, பத்திரத்தில் குறைத்துக் காட்டலாமா?

வேண்டாம். வீட்டுக்காரரே கேட்டாலும் வேண்டாம். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அந்த அபராதம் விழுவது ரொக்கத்தைப் பெற்றவர் மேல், அதாவது வீட்டுக்காரர் மேல். இதைச் சொன்னால் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள்.

விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும் கவனம் தேவை. வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், முதலீடாக வாங்குபவருக்கு அந்த வித்தியாசமே வருமானமாகக் கருதப்படும். விற்பவருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்தே மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்வதற்குள் இருவருக்கும் வரி வரும்.

வரியைப் பற்றி நாமே எடுத்துச் சொல்ல வேண்டுமா?

ஆம். கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அவர்கள் உண்மையில் கேட்கும் கேள்வி. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டுக்கு 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறையில் கட்டுவது வாங்குபவரின் கடமை. அந்தப் பணம் வீட்டுக்காரரின் வரிக்கணக்கில் வரவாகும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், கடைசி நாளில் "ஒரு லட்சத்தைப் பிடித்துவிட்டான்" என்ற பேச்சு வரும். நான்கு வாரிசுகள் ஆளுக்கு 35 லட்சம் பெற்றாலும் இந்தப் பிடித்தம் உண்டு. 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீடு நீண்டகாலச் சொத்து. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் 12.5 சதவீத வரிக்கும், பணவீக்கத்தைக் கழித்தபின் 20 சதவீத வரிக்கும் இடையே குறைவானதைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு வீடு வாங்கினால் விலக்கும் உண்டு. இதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டாம். அவர்களுடைய ஆடிட்டரிடம் அனுப்புங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், வீடு அவர்கள் பெயரில் இருக்கிறது. என்ன மாறும்?

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிக்க வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை விற்பவர் வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கினால் நல்லது. அதற்கு ஆகும் வாரங்களை ஆஃபர் தேதிகளில் சேருங்கள். அவர்கள் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விலை பேசும் அழைப்பை அவர்கள் நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். இங்கிருக்கும் சித்தப்பாவிடம் மட்டும் பேசி முடித்த விலை நிற்காது.

ஜி.பி.ஏ. பத்திரம் மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். விலை சொல்லலாமா?

பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. மூல உரிமையாளரோ அவர் வாரிசுகளோ கையெழுத்திட வருவார்களா என்று தெரியும்வரை தொகை எதையும் வாயால்கூடச் சொல்லாதீர்கள்.

ஆடி மாதத்தில் ஆஃபர் கொடுக்கலாமா?

பார்க்கலாம், பேசலாம்; முன்பணத்தையும் பதிவையும் தள்ளி வையுங்கள். கன்னடக் குடும்பங்களின் ஆஷாடம், ஆண்டைப் பொறுத்து, நம் ஆடிக்குச் சில நாளோ சில வாரமோ முன்பே தொடங்கி முன்பே முடியும். நமக்கு ஆனி, நல்ல மாதம் என்று நீங்கள் முன்பணத்தோடு போய் நிற்கும்போது அவர்களுக்கு அது ஆகாத காலமாக இருக்கலாம். கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

வீட்டுக்காரர் கடன் நெருக்கடியில் இருக்கிறார். குறைத்துக் கேட்கலாமா?

அவசரத்துக்கு நீங்கள் செய்யும் சேவைக்கு ஒரு மதிப்பு உண்டு. பதினைந்து நாளில் முழுப் பணம் தருகிறீர்கள் என்றால் அதைக் கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த வரிக்கு மேல் அவருடைய பயத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது.

வங்கியிடமிருந்து முதல் சட்ட அறிவிப்பு வந்திருந்தால் 60 நாள் அவகாசம் இருக்கிறது என்பதை அவர் அறியாமல் இருக்கலாம். சொல்லுங்கள். மகனிடம் உதவி கேட்டோ, ஒரு தளத்தை லீஸுக்கு விட்டோ வீட்டைக் காப்பாற்ற வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதனால் ஒரு வீடு உங்கள் கையைவிட்டுப் போகலாம், போகட்டும். ஒரே தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அடுத்த வீட்டுக்காரர் உங்களைப் பற்றி இவரிடம்தான் விசாரிப்பார்.

தரகர் மூலம் வந்த வீட்டில் நேரடியாக விலை பேசலாமா?

பேசலாம், தரகர் உடனிருக்க. தரகு எவ்வளவு, யார் தருவது என்பதை முதலிலேயே மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அவரை ஒதுக்கிவிட்டு முடிப்பது அநியாயம்.

விலையை ஏற்கவில்லை என்றால் எத்தனை முறை திரும்பப் போகலாம்?

தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். "செல்லுபடித் தேதிக்கு முந்தைய நாள் ஒருமுறை அழைக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் ஒரே ஒரு முறை அழையுங்கள். தினமும் கூப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே சொன்னதாகிவிடும். கணக்கில் ஏதாவது ஒரு வரி மாறினால் மட்டும் விலையை மாற்றுங்கள், எந்த வரி மாறியது என்றும் காட்டுங்கள்.

வேறொருவர் அதிகம் தருகிறார் என்றால் அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சில மாதம் கழித்து அந்தப் பேரம் முறிந்து உங்களையே அழைத்தால், பழைய தாளை நீட்டாதீர்கள். அதற்குள் வழிகாட்டி மதிப்பும் பழுதுச் செலவும் வட்டியும் மாறியிருக்கலாம். வீட்டை மறுபடியும் பார்த்து, கணக்கைப் புதிதாகப் போட்டு, புதிய தேதியுடன் கொடுங்கள்.